இலங்கையின் ஜனாதிபதிகளும் பதவி கைமாறும் முறையும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பகுதிகளிலும் போட்டிப் பரீட்சைகளுக்கு ஆயத்தமாகும் மாணவர்களுக்குக் குடியியல் கற்பித்துவரும் எனக்கு, ஜனாதிபதிப் பதவியைப் பற்றிய ஒரே விதமான ஐயங்கள் மாணவர்களிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கின்றன. பெயர்ப் பட்டியலை மனனம் செய்தவர்களுக்கும்கூட, ஒருவர் போய் மற்றவர் எந்த விதியின்படி வந்தார் என்பது தெளிவாக இருப்பதில்லை. 2022 ஜூலையில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வதந்தி பரவியதற்கு அந்தத் தெளிவின்மையே காரணம் என்று நான் கருதுகிறேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, என்னால் இயன்றவரை விளக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கட நாட்டின் முதலாவது ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனதானே, சேர்?

இல்லை. முதலாவது ஜனாதிபதி வில்லியம் கோபல்லாவ. அவர் 1962 முதல் பிரித்தானிய முடியின் பிரதிநிதியாக மகாதேசாதிபதிப் பதவியில் இருந்தார். 1972 மே 22 அன்று முதலாவது குடியரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து, முடியுடனான தொடர்பு அறுந்தபோது, அவரே ஜனாதிபதியானார். அந்த அரசியலமைப்பில் ஜனாதிபதியை மக்கள் தெரிவு செய்யவில்லை, பிரதமர் நியமித்தார். ஆட்சி அதிகாரமும் பிரதமரிடமும் அமைச்சரவையிடமுமே இருந்தது.

ஜே. ஆர். ஜயவர்தன நிறைவேற்று அதிகாரம் கொண்ட முதலாவது ஜனாதிபதி. பரீட்சை வினாவில் “நிறைவேற்று அதிகாரம் கொண்ட” என்ற சொற்றொடர் இருக்கிறதா, இல்லையா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் விடை எழுத வேண்டும்.

அப்படியென்றால் அநுர குமார திசாநாயக்க 9ஆவது ஜனாதிபதியா, 10ஆவதா? ஒவ்வொரு புத்தகத்திலயும் ஒவ்வொரு மாதிரி இருக்குது.

இரண்டும் சரியே. கோபல்லாவவையும் சேர்த்து எண்ணினால் அவர் 10ஆவது ஜனாதிபதி. நிறைவேற்று அதிகாரம் கொண்டவர்களை மட்டும் எண்ணினால் 9ஆவது. இந்த நாட்டில் பெரும்பாலும் இரண்டாவது எண்ணிக்கையே வழங்குகிறது.

எல்லாரையும் வரிசையாக ஆண்டோட ஒருக்கால் சொல்லுங்கோ.

1972 முதல் 1978 பெப்ரவரி 4 வரை வில்லியம் கோபல்லாவ பதவியில் இருந்தார். அன்றிலிருந்து 1989 ஜனவரி 2 வரை ஜே. ஆர். ஜயவர்தன. அவருக்குப் பின் வந்த ரணசிங்க பிரேமதாச 1993 மே 1 அன்று கொல்லப்பட, டி. பி. விஜேதுங்க 1994 நவம்பர் 12 வரை பதவி வகித்தார். சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க 2005 நவம்பர் 19 வரையும், மகிந்த ராஜபக்ச 2015 ஜனவரி 9 வரையும், மைத்திரிபால சிறிசேன 2019 நவம்பர் 18 வரையும் இருந்தனர். கோட்டாபய ராஜபக்ச 2022 ஜூலை 14 அன்று பதவி விலகினார். மிகுதிக் காலத்தை ரணில் விக்கிரமசிங்க நிறைவு செய்ய, 2024 செப்டெம்பர் 23 அன்று அநுர குமார திசாநாயக்க பதவிப் பிரமாணம் செய்துகொண்டார்.

இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் “மக்கள் வாக்கு”, “பாராளுமன்ற வாக்கு”, “நியமனம்” என்பவற்றுள் ஒன்றைக் குறித்துக்கொள்ளும்படி மாணவர்களிடம் சொல்வேன். கீழே வரும் கேள்விகளுள் பாதி அந்தக் குறிப்பிலிருந்தே தீர்ந்துவிடும்.

சனம் வாக்குப் போடாமலே ஜனாதிபதியானவர்கள் எத்தனை பேர்?

பதவிக்கு வந்த முதல் நாளை வைத்துப் பார்த்தால் நால்வர். கோபல்லாவ நியமனத்தால் வந்தார் என்று முதலாவது கேள்வியில் சொல்லியிருக்கிறேன். ஜே. ஆர். வந்த வழி வேறு. 1977 ஜூலைப் பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. அந்தப் பலத்தைக் கொண்டு, அதே ஆண்டு அக்டோபரில் 1972 அரசியலமைப்புக்கு இரண்டாவது திருத்தம் நிறைவேற்றப்பட்டது. அப்போது பிரதமராக இருப்பவரே ஜனாதிபதியாகத் தெரிவானவராகக் கருதப்படுவார் என்பது அதன் சாரம். அதன்படி 1978 பெப்ரவரி 4 அன்று அவர் பதவியேற்றார். இன்றைய அரசியலமைப்பு அதற்குப் பிறகுதான், 1978 செப்டெம்பர் 7 அன்று நடைமுறைக்கு வந்தது. 1982 அக்டோபர் 20 அன்று நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தலில், ஹெக்டர் கொப்பேகடுவவை எதிர்த்து 52.91 சதவீத வாக்குகளைப் பெற்ற பின்னரே அவர் மக்களால் தெரிவு செய்யப்பட்ட ஜனாதிபதி ஆனார்.

மற்ற இருவரும் விஜேதுங்கவும் ரணில் விக்கிரமசிங்கவும். இவர்கள் 1978 அரசியலமைப்பின் 40ஆவது உறுப்புரையின் கீழ் பாராளுமன்றத்தால் தெரிவானவர்கள். அந்த உறுப்புரையின் கீழ் வந்தவர்கள் இதுவரை இவர்கள் இருவர் மட்டுமே.

பிரேமதாச கொல்லப்பட்ட அன்று விஜேதுங்க உடனேயே ஜனாதிபதியாகிவிட்டார்தானே? பிரதமர்தானே அடுத்த ஆள்?

பலரும் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் இதுதான். ஜனாதிபதிப் பதவி வெற்றிடமானால் பிரதமர் பதில் ஜனாதிபதியாகக் கடமையாற்றுவார். அவர் தாமாகவே ஜனாதிபதியாகிவிடுவதில்லை. வெற்றிடம் ஏற்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், பாராளுமன்றம் தன் உறுப்பினர்களுள் ஒருவரை இரகசிய வாக்கெடுப்பின் மூலம் ஜனாதிபதியாகத் தெரிவு செய்ய வேண்டும். அந்த ஒருவர் பிரதமராகவும் இருக்கலாம், வேறெந்த உறுப்பினராகவும் இருக்கலாம்.

1993 மே 1 அன்று கொழும்பு ஆமர் வீதியில் மே தின ஊர்வலத்தின்போது பிரேமதாச தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். பிரதமர் விஜேதுங்க பதில் ஜனாதிபதியானார். மே 7 அன்று பாராளுமன்றம் அவரை ஏகமனதாகத் தெரிவு செய்தது. இடையிலிருந்த அந்த நாட்களில் அவர் பதில் ஜனாதிபதி மட்டுமே. அவர் ஜனாதிபதியானதும் காலியான பிரதமர் ஆசனத்துக்கு அவர் நியமித்தவர் ரணில் விக்கிரமசிங்க. ரணில் முதன்முதலாகப் பிரதமரானது அந்த வெற்றிடத்தின் விளைவாகவே; 29 ஆண்டுகளின் பின் அவர் ஜனாதிபதியானதும் இன்னொரு வெற்றிடத்தால்தான்.

இந்தியாவில மாதிரி உப ஜனாதிபதி ஏன் இங்கே இல்லை?

1978 அரசியலமைப்பு அப்படி ஒரு பதவியை உருவாக்கவில்லை. மேலே சொன்ன ஏற்பாடு, அதாவது உடனடிப் பொறுப்பைப் பிரதமரிடமும் நிரந்தரத் தெரிவைப் பாராளுமன்றத்திடமும் விடுவது, அந்த இடத்தை நிரப்புகிறது.

2022 மே மாதம் மகிந்த ராஜபக்ச எங்கட கடற்படைத் தளத்தில வந்து தங்கினாரே, அப்போது ஜனாதிபதிப் பதவி காலியாக இருந்ததா?

இல்லை. மகிந்த ராஜபக்ச அப்போது ஜனாதிபதி அல்லர். மே 9 அன்று பிரதமர் பதவியிலிருந்து விலகியவர். பதவி விலகிய மறுநாள் அவர் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவரப்பட்டதும், தளத்தின் முன் மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்ததும் இந்த ஊரில் பலரும் நேரில் கண்டவை. ஆனால் ஜனாதிபதியாகக் கோட்டாபய ராஜபக்ச தொடர்ந்து பதவியில் இருந்தார். பிரதமர் விலகினால் அமைச்சரவை கலையும். ஜனாதிபதிப் பதவிக்கு அதனால் எதுவும் ஆகாது.

எனினும் அந்த நாட்களைக் கவனிக்க வேறொரு காரணம் உண்டு. மே 9 முதல், ரணில் பிரதமராக நியமிக்கப்பட்ட மே 12 வரை, நாட்டில் பிரதமர் இருக்கவில்லை. அந்த இடைவெளியில் ஜனாதிபதியும் விலகியிருந்தால் பதில் ஜனாதிபதியாகும் பொறுப்பு சபாநாயகரிடம் சென்றிருக்கும். பிரதமர் பதவி வெற்றிடமாக இருந்தாலோ பிரதமரால் செயற்பட முடியாவிட்டாலோ சபாநாயகர் பதில் ஜனாதிபதியாவார் என்று 40ஆவது உறுப்புரை கூறுகிறது. அந்த வாரத்தில் சபாநாயகர் மஹிந்த யாப்பா அபேவர்தனவின் பெயர் செய்திகளில் அவ்வளவு அடிபட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோட்டாபய நாட்டை விட்டுப் போன பிறகு ரெண்டு மூண்டு நாள் யார் ஜனாதிபதி என்றே விளங்கேல்ல. உண்மையில் யார்?

நாள் நாளாகப் பிரித்துப் பார்த்தால் விளங்கிவிடும். ஜூலை 13 அன்று கோட்டாபய மாலைதீவுக்குச் சென்றார். நாட்டை விட்டு வெளியேறுவதால் மட்டும் பதவி வெற்றிடமாவதில்லை; ஆகவே அன்று அவரே ஜனாதிபதி. அன்றைய தினம் ரணில் பதில் கடமையாற்றியது 37ஆவது உறுப்புரையின் கீழ். ஜனாதிபதி நோயுற்றாலோ வெளிநாட்டில் இருந்தாலோ தன் பணிகளைச் செய்யும்படி பிரதமரை நியமிக்கலாம் என்பது அந்த உறுப்புரை. நியமித்தவர் திரும்பி வந்தால் அதிகாரம் அவரிடமே மீளும்.

ஜூலை 14 அன்று சிங்கப்பூரிலிருந்து அவர் தன் பதவி விலகல் கடிதத்தைச் சபாநாயகருக்கு அனுப்பினார். 15ஆம் திகதி சபாநாயகர் அதை ஏற்று, 14ஆம் திகதி முதல் விலகல் நடைமுறைக்கு வந்ததாக அறிவித்தார். அதன் பின்னரே ரணில் பிரதம நீதியரசர் ஜயந்த ஜயசூரிய முன்னிலையில் பதில் ஜனாதிபதியாகப் பிரமாணம் செய்தார். இந்தப் பதில் கடமை 40ஆவது உறுப்புரையின் கீழானது. இரண்டு நாட்களில் ஒரே மனிதர் ஒரே பெயருள்ள கடமையை இரண்டு வேறு விதிகளின்படி ஏற்றார். முதலாவது, இருக்கும் ஜனாதிபதிக்காக. இரண்டாவது, இல்லாத ஜனாதிபதியின் இடத்தில். ஜனாதிபதி தன் விலகலைச் சபாநாயகருக்கே எழுத வேண்டும் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரணிலுக்கு 134 வாக்கு கிடைச்சது என்றார்கள். அது எப்படி நடந்த வாக்கெடுப்பு?

1981ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல் (சிறப்பேற்பாடுகள்) சட்டம் அதற்கான நடைமுறையைத் தருகிறது. பாராளுமன்றச் செயலாளர் நாயகமே தெரிவத்தாட்சி அலுவலர். 2022 ஜூலை 19 அன்று வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டு, 20 அன்று வாக்கெடுப்பு நடந்தது. ரணில் விக்கிரமசிங்க 134, டலஸ் அழகப்பெரும 82, அநுர குமார திசாநாயக்க 3 என வாக்குகள் பிரிந்தன. 225 உறுப்பினர்களில் இருவர் வாக்களிக்கவில்லை. 4 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. செல்லுபடியான 219 வாக்குகளில் பாதிக்கு மேல், அதாவது 110 பெற்றால் வெற்றி என்ற நிலையில் ரணிலுக்கு முதல் எண்ணலிலேயே அது கிடைத்துவிட்டது.

1993இல் ஏகமனதாக முடிந்ததால், இந்தச் சட்டத்தின் கீழ் உண்மையான போட்டி நடந்தது 2022இல்தான் முதல் முறை. அன்று மூன்றே வாக்குகள் பெற்றவர் இரண்டு ஆண்டுகளின் பின் மக்கள் வாக்கால் அதே பதவிக்கு வந்தார். அவையில் உள்ள பலமும் நாட்டில் உள்ள பலமும் எவ்வளவு தூரம் விலகிச் செல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பாராளுமன்றம் தெரிவு செய்தவருக்கும் முழுசா அஞ்சு வருசம் கிடைக்க வேண்டும்தானே?

கிடைக்காது. முன்னவர் விட்டுச் சென்ற எஞ்சிய காலம் மட்டுமே கிடைக்கும். பிரேமதாச 1989 ஜனவரி 2 அன்று ஆறு ஆண்டுக் காலத்துக்குப் பதவியேற்றவர். ஆகவே விஜேதுங்கவின் காலம் 1995 ஜனவரித் தொடக்கத்தைத் தாண்டியிருக்க முடியாது. பதவிக்காலம் முடிவதற்கு ஒரு மாதத்துக்குக் குறையாமலும் இரண்டு மாதத்துக்கு மேற்படாமலும் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்பது விதி. 1994 நவம்பர் 9 தேர்தல் அந்தக் கணக்கில் வந்தது.

கோட்டாபயவின் ஐந்து ஆண்டுக் காலம் 2019 நவம்பர் 18 அன்று தொடங்கியது. ரணிலுக்கும் அதுவே எல்லை. அதே விதியின்படி 2024 செப்டெம்பர் 17க்கும் அக்டோபர் 16க்கும் இடையில் தேர்தல் நடத்தப்பட வேண்டியிருந்தது. தேர்தல்கள் ஆணைக்குழு செப்டெம்பர் 21ஐத் தெரிவு செய்தது. வரிசையில் உள்ள திகதிகளைக் கையில் வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கை எவரும் போடலாம்.

பதவிக்காலம் ஆறு வருசமா, அஞ்சு வருசமா?

1978 முதல் ஆறு ஆண்டு. 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்த 19ஆவது திருத்தத்தின் பின் ஐந்து ஆண்டு. மைத்திரிபால சிறிசேன 2018 ஜனவரியில் தனக்கு ஆறு ஆண்டுகள் உண்டா என உயர் நீதிமன்றத்திடம் அபிப்பிராயம் கேட்டபோது, ஐந்தே என்று நீதிமன்றம் தெரிவித்தது. 2024இலும் இந்த ஐயத்தை முன்வைத்துத் தேர்தலை நிறுத்தக் கோரிய மனு உயர் நீதிமன்றத்தால் தள்ளுபடி செய்யப்பட்டது.

சந்திரிகாவுக்கு ஒரு வருசம் இல்லாமல் போனது என்கிறார்கள். மகிந்தவுக்கு மட்டும் எப்படிக் கிடைச்சது?

இது கடினமான கேள்வி. பொறுமையாகப் படிக்க வேண்டும். 1982இல் கொண்டுவரப்பட்ட மூன்றாவது திருத்தம், முதல் பதவிக்காலத்தில் நான்கு ஆண்டுகள் கழிந்தபின் ஜனாதிபதி முன்கூட்டியே தேர்தலுக்குப் போகலாம் என்றது. பதவியிலிருப்பவரே வென்றால், அவருடைய இரண்டாவது காலம் எப்போது தொடங்கும்? தேர்தலுக்குப் பின் அடுத்து வரும், முதற் பதவிக்காலம் தொடங்கிய அதே திகதியில் தொடங்கும் என்று திருத்தத்தின் வாசகம் கூறுகிறது. ஜே. ஆர். 1982 அக்டோபரில் வென்றார். அவருடைய இரண்டாவது காலம் 1983 பெப்ரவரி 4 அன்று தொடங்கியது.

சந்திரிகா முதலில் பதவியேற்றது 1994 நவம்பர் 12. நகர மண்டபக் குண்டுத் தாக்குதலில் ஒரு கண்ணின் பார்வையை இழந்த மூன்று நாட்களில், 1999 டிசம்பர் 21 அன்று, அவர் மீண்டும் வென்றார். வாசகத்தின்படி அடுத்த நவம்பர் 12, அதாவது 2000ஆம் ஆண்டு, தொடக்கம் என்பதும், ஆகவே 2006 வரை தனக்குக் காலம் உண்டு என்பதும் அவருடைய வாதம். ஆனால் அவர் 1999 டிசம்பர் 22 அன்றே பதவிப் பிரமாணம் செய்திருந்தார். 2005 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம், அவருடைய காலம் அந்த நாளிலிருந்தே கணக்கிடப்படும், 2005 டிசம்பரில் முடியும் என்று தீர்த்தது. அதனாலேயே தேர்தல் 2005 நவம்பர் 17 அன்று வந்தது.

மகிந்த 2010 ஜனவரி 26 அன்று வென்றபோது உடனே பிரமாணம் செய்யாமல் உயர் நீதிமன்றத்தின் அபிப்பிராயத்தைக் கேட்டார். 2010 நவம்பர் 19 அன்றே இரண்டாவது காலம் தொடங்கும் என்ற பதில் வந்தது. என் பார்வையில், பிரமாணம் செய்த திகதியே இருவருக்கும் இடையிலான வேறுபாட்டைத் தீர்மானித்தது. இரண்டு முடிவுகளும் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்துகின்றன என்பதைச் சட்டம் படிப்பவர்கள் தாமே எடைபோட்டுப் பார்க்கலாம்.

1982 சர்வசன வாக்கெடுப்பில ஜே. ஆர். தன்ர பதவிக்காலத்தை நீட்டினார்தானே?

இல்லை, அங்கே நீடிக்கப்பட்டது பாராளுமன்றத்தின் காலம். 1982 டிசம்பர் 22 அன்று நடந்த அந்த வாக்கெடுப்பில் 54 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டோர் ஆம் என்று வாக்களிக்க, 1977இல் தெரிவான பாராளுமன்றம் 1988 டிசம்பரில் கலைக்கப்படும்வரை பொதுத் தேர்தலின்றி நீடித்தது. ஜனாதிபதியின் இரண்டாவது காலம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் நடந்த தேர்தலால் உறுதியானது. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்ததால் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒருத்தர் எத்தனை தடவை ஜனாதிபதியாகலாம்?

மக்களால் இரண்டு தடவை தெரிவானவர் மூன்றாவது தடவை போட்டியிட முடியாது. 1978 முதல் இருந்த இந்தத் தடையை 2010 செப்டெம்பரில் 18ஆவது திருத்தம் நீக்கியது. 2015இல் 19ஆவது திருத்தம் மீண்டும் கொண்டுவந்தது. இடைப்பட்ட காலத்தில் மூன்றாவது தடவை போட்டியிட்டவர் மகிந்த ராஜபக்ச மட்டுமே. 2015 ஜனவரி 8 அன்று அவர் 47.58 சதவீதம் பெற்று, 51.28 சதவீதம் பெற்ற மைத்திரிபாலவிடம் தோற்றார். பதவியில் இருந்துகொண்டே தேர்தலில் தோற்ற முதலாவது ஜனாதிபதி அவரே. இரண்டாமவர் 2024இல் தோற்ற ரணில்.

வாக்குச்சீட்டில 1, 2, 3 போட வேணுமா, புள்ளடி போட்டால் போதுமா?

ஒருவருக்கு மட்டும் வாக்களிப்பதானால் புள்ளடி போதும். 1 என்று எழுதினாலும் சரி. இரண்டாவது, மூன்றாவது தெரிவுகளையும் குறிக்க விரும்பினால் 1, 2, 3 என்று இலக்கங்களால் எழுத வேண்டும்; அப்போது புள்ளடியைக் கலக்கக் கூடாது. முதல் எண்ணலில் ஒருவர் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற்றுவிட்டால் மற்றத் தெரிவுகளைப் பார்ப்பதே இல்லை. 1982 முதல் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தல்களும் அப்படியே முடிந்ததால் பலருக்கு இந்த முறையே மறந்துபோயிருந்தது.

அநுர 50 வீதம் எடுக்கேல்லத்தானே? பிறகு எப்படி வென்றார்?

2024 செப்டெம்பர் 21 அன்று அநுர 42.31 சதவீதமும் சஜித் பிரேமதாச 32.76 சதவீதமும் ரணில் 17.27 சதவீதமும் பெற்றனர். எவரும் பாதியைத் தாண்டாததால் முதல் இருவரையும் தவிர மற்ற அனைவரும் ஒரே நேரத்தில் நீக்கப்பட்டனர். நீக்கப்பட்டவர்களுக்கு முதல் வாக்கை அளித்த சீட்டுகளில், அநுரவுக்கோ சஜித்துக்கோ அடுத்த தெரிவு குறிக்கப்பட்டிருந்தால் அது அவர்களுக்குச் சேர்க்கப்பட்டது. அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867 வாக்குகள் அவ்வாறு கூடின. இறுதித் தொகை முறையே 5,740,179, 4,530,902.

மிகப் பலர் அடுத்த தெரிவைக் குறிக்கவே இல்லை. அதனால் அநுரவின் இறுதித் தொகை நாட்டில் அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ 43 சதவீதமே. இரண்டாவது எண்ணலில் எஞ்சிய இருவருக்கும் கிடைத்த வாக்குகளுள் கூடுதலானதைப் பெற்றவரே வெற்றியாளர் என்பதால் அவர் சட்டப்படி முழுமையாகத் தெரிவானார். ரணிலுக்கோ அரியநேத்திரனுக்கோ முதல் வாக்கை அளித்த நம் மாவட்டத்தவர்கள் இரண்டாவது தெரிவையும் எழுதியிருந்தால், கடைசிப் போட்டியிலும் அவர்களுடைய குரல் எண்ணப்பட்டிருக்கும். அடுத்த தேர்தலில் இதை மறந்துவிடாதீர்கள் என்று வாக்குரிமை பெறும் ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

திருகோணமலை வாக்குப் போட்டவர் எப்பவும் தோற்கிறார் என்று சொல்லுகினம், உண்மையா?

எப்போதும் அல்ல. 1994இல் சந்திரிகாவும் 2015இல் மைத்திரிபாலவும் இந்த மாவட்டத்தில் முன்னிலை பெற்று நாட்டிலும் வென்றவர்கள். ஆனால் 2005இல் ரணில், 2010இல் சரத் பொன்சேகா, 2019இலும் 2024இலும் சஜித் பிரேமதாச ஆகியோர் திருகோணமலை, மூதூர், சேருவில ஆகிய மூன்று தொகுதிகளும் சேர்ந்த மாவட்டக் கணக்கில் முன்னின்றும் நாட்டில் தோற்றனர். மாவட்டத்தை வெல்வதற்கென்று தனிப் பலன் எதுவும் இல்லை. நாடு முழுவதும் ஒரே தொகுதியாகவே எண்ணப்படுகிறது. 2005இல் மகிந்தவுக்கும் ரணிலுக்கும் இடையிலான வேறுபாடு 180,786 வாக்குகள் மட்டுமே. யாழ்ப்பாண மாவட்டத்தில் பகிஷ்கரிப்பினால் 1.21 சதவீதத்தினரே வாக்களித்த தேர்தல் அது.

தமிழர் ஒருவர் ஜனாதிபதியாகச் சட்டத்தில தடை இருக்கா? கனடாவில இருக்கிற என்ர அண்ணா கேட்கிறார்.

இனம், மதம் சார்ந்த தடை எதுவும் இல்லை. 1982இல் குமார் பொன்னம்பலம், 2010இலும் 2019இலும் சிவாஜிலிங்கம், 2024இல் அரியநேத்திரன் போட்டியிட்டனர். 2019இல் ஹிஸ்புல்லாவும் போட்டியிட்டார். அண்ணா கனடியக் குடியுரிமையையும் வைத்திருப்பவரானால் அவருக்குத்தான் தடை உண்டு. இரட்டைக் குடியுரிமையாளருக்கு 19ஆவது திருத்தம் போட்ட தடையை 2020இல் 20ஆவது திருத்தம் எடுத்தது; 2022 அக்டோபரில் நிறைவேறிய 21ஆவது திருத்தம் மீண்டும் போட்டது.

நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்து ஜனாதிபதியை அனுப்ப முடியாதா?

முடியாது. அது அரசாங்கத்துக்கும் பிரதமருக்கும் உரியது. ஜனாதிபதியை நீக்கக் குற்றப்பிரேரணை வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பமிட வேண்டும். அல்லது பாதிப் பேராவது ஒப்பமிட்டு, விசாரணைக்கு உரிய விடயம் என்று சபாநாயகர் திருப்திப்பட வேண்டும். பின்னர் மூன்றில் இரண்டு, அதாவது 150 வாக்குகளால் பிரேரணை நிறைவேறி, உயர் நீதிமன்றம் விசாரித்து அறிக்கை தந்து, மீண்டும் ஒருமுறை 150 வாக்குகளால் நீக்கத் தீர்மானம் நிறைவேற வேண்டும். 1991இல் பிரேமதாசவுக்கு எதிராகக் கொடுக்கப்பட்ட பிரேரணையைச் சபாநாயகர் எம். எச். முஹம்மத் நிராகரித்தார். இதுவரை எந்த ஜனாதிபதியும் இந்த வழியில் நீக்கப்படவில்லை.

2018இல சம்பந்தன் ஐயா போட்ட வழக்கு ஜனாதிபதியை மாற்றுவதற்கா?

இல்லை. 2018 அக்டோபர் 26 அன்று மைத்திரிபால பிரதமர் ரணிலை நீக்கி மகிந்தவை நியமித்தார். நவம்பர் 9 அன்று பாராளுமன்றத்தையும் கலைத்தார். நம் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினராகவும் அப்போது எதிர்க்கட்சித் தலைவராகவும் இருந்த இரா. சம்பந்தன் அந்தக் கலைப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றவர்களுள் ஒருவர். டிசம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்கள் கலைப்புச் சட்டவிரோதம் என ஒருமித்துத் தீர்த்தனர். அந்தத் தீர்ப்பு இன்றும் அவர் பெயரிலேயே மேற்கோள் காட்டப்படுகிறது. ஜனாதிபதியின் பதவி அதனால் மாறவில்லை. அவருடைய அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்பது உறுதியானது.

ஜனாதிபதி மாறினால் இங்கே இருக்கிற ஆளுநரும் ஏன் மாறுறார்?

ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஐந்து ஆண்டு என்று காலம் சொல்லப்பட்டாலும், ஜனாதிபதி விரும்பும்வரையே ஆளுநர் பதவியில் இருக்க முடியும். அதனால் புதிய ஜனாதிபதி வந்ததும் முன்னவர் நியமித்தவர்கள் விலகுவது வழக்கமாகிவிட்டது. 2024 செப்டெம்பரிலும் கிழக்கு மாகாண ஆளுநராக இருந்த செந்தில் தொண்டமான் விலகி, ஜயந்த லால் ரத்னசேகர வந்தார்.

வேறு மாகாணத்தவர்களைப் போலவே எங்களுக்கும் இது வெறும் சம்பிரதாய மாற்றம் அல்ல. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பின்னர் முதலமைச்சரோ மாகாண அமைச்சர்களோ இன்றி ஆளுநரே நிர்வாகத்தை நடத்திவருகிறார். பாடசாலை ஆசிரியர் நியமனம் முதல் மாகாண வீதிவரை திருகோணமலையிலுள்ள ஆளுநர் செயலகத்தில் முடிவாகும் விடயங்கள், தேர்தலில் தெரிவான எவரையும் அன்றி, ஜனாதிபதி நியமித்த ஒருவரைச் சார்ந்திருக்கின்றன. மாகாண சபைத் தேர்தல் விரைவில் நடக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதுவே முதற்காரணம்.

முன்னாள் ஜனாதிபதியைக் கைது செய்ய முடியுமா?

பதவியில் இருக்கும்வரை குடியியல், குற்றவியல் வழக்குகளிலிருந்து விடுபாட்டுரிமை உண்டு. பதவி போனதும் அது போய்விடும். 2025 ஆகஸ்ட் 22 அன்று, அரச நிதியைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கூறப்படும் குற்றச்சாட்டில் ரணில் விக்கிரமசிங்க கைது செய்யப்பட்டுப் பின்னர் பிணையில் விடப்பட்டார். அடுத்த மாதம் முன்னாள் ஜனாதிபதிகளின் வாசஸ்தலம் உள்ளிட்ட உரித்துகளை நீக்கும் சட்டமும் நிறைவேறியது.

கடைசியாக ஒன்று, சேர்: பாராளுமன்றம் கலைச்சு இருக்கிற நேரத்தில ஜனாதிபதிப் பதவி காலியானால் யார் வாக்குப் போடுறது?

இதற்கும் 40ஆவது உறுப்புரையிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். கலைக்கப்பட்ட பாராளுமன்றம் திரும்ப வந்து வாக்களிப்பதில்லை. பொதுத் தேர்தலின் பின் கூடும் புதிய பாராளுமன்றம், தன் முதல் அமர்விலிருந்து ஒரு மாதத்துக்குள் தெரிவை நடத்த வேண்டும். அதுவரை, மேலே விஜேதுங்க பற்றிய பதிலிலும் கடற்படைத் தளம் பற்றிய பதிலிலும் சொன்ன ஒழுங்கின்படி, பதில் ஜனாதிபதி கடமையாற்றுவார். இப்படி ஒரு நிலை இலங்கையில் இன்னும் வந்ததில்லை.